தனபால் சேர்த்துச் சொன்ன வரி

சேந்தமங்கலத்துச் சபைக்கு வெளியூரிலிருந்து யார் பேச வந்தாலும், அவர் பக்கத்தில் இன்னொரு மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் தனபால். அங்கே இங்கிலீஷில் ஒரு வாக்கியம், இங்கே தமிழில் ஒரு வாக்கியம். இருபத்திரண்டு வருடமாக அவர்தான். ஆனால் போன வருடத்திலிருந்து முன்பிருந்த ருசி இல்லை என்று, காரணம் தெரியாத சிலர் சபையில் குறைபடுகிறார்கள். பேச்சாளர் நாலு வார்த்தை சொன்னால் இவரும் நாலே வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறாராம்.

"ஏனுங்க, கறிவேப்பல கொத்தமல்லி எதுவுமே போட மாட்டேங்கறீங்க இப்பெல்லாம்?" என்று பாடகர் குழுவிலிருக்கும், போன வருட ஆவணியில் ஊரில் இல்லாதிருந்த மைதிலி நேராகவே கேட்டுவிட்டார். தனபால் சிரித்து வைத்தார். அந்தக் கறிவேப்பிலை நின்றுபோன கதையைச் சொல்ல வேண்டுமானால், அவர் இங்கிலீஷ் கற்றுக்கொண்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் இரண்டு தடவை கோட்டை விட்டவர் அவர். படித்ததெல்லாம் முட்டை ஆபீசில்தான். நாமக்கல்லில் ஒரு முட்டை ஏற்றுமதிக் கம்பெனியில் பில் போடச் சேர்ந்தார். இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, முதலாளி போனைத் தனபால் கையில் திணித்தார். மறுமுனையில் மஸ்கட் வியாபாரி காச்சுமூச்சென்று கத்திக்கொண்டிருந்தார். முதல் மாதம் வியர்த்துக் கொட்டியது. ஆறாவது மாதத்தில் தனபால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசினார்.

பேசியது மட்டுமல்ல, சமாளித்தார். "அந்தாளு புளுகறான்னு சொல்லுய்யா" என்பார் முதலாளி. தனபால் போனில், தங்கள் விளக்கத்தில் எங்கள் முதலாளிக்குச் சிறு சந்தேகம் இருக்கிறது என்பார். உங்கள் முட்டையை நாய்கூட மோந்து பார்க்காது என்பார் மஸ்கட்காரர். தனபால் முதலாளியிடம் திரும்பி, "அடுத்த லோடு இன்னுங் கொஞ்சம் பெரிய சைஸா இருந்தா சந்தோசப்படுவாராமுங்க" என்பார். இரண்டு பேரும் கடைசிவரை ஒருவரையொருவர் நல்ல மனிதர் என்று நம்பியே வியாபாரம் செய்தார்கள். இதைத் தொழில் நேர்த்தி என்றுதான் சொல்ல வேண்டும், நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் கைப்பழக்கத்தை அவர் அப்படியே சபைக்கும் கொண்டுவந்தார். வறட்டுப் பேச்சாளர் வந்தால் சாறு சேர்ப்பார். ஒருவர் தன் ஊரில் நல்ல மழை என்று சும்மா சொன்னால், தனபால் தமிழில் அந்த மழையைக் கொல்லிமலை உச்சியிலிருந்து இறக்கி, மரவள்ளிக் காட்டில் தண்ணீர் கட்டி, மடை திறந்துவிட்டுத்தான் ஓய்வார். சபையார் சப்புக் கொட்டிக் கேட்பார்கள். பேச்சாளருக்கோ, தான் சொன்ன சின்ன வாக்கியத்துக்கு இவ்வளவு முகங்கள் மலர்கின்றனவே என்று உள்ளம் குளிர்ந்துபோகும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பேச்சாளரைவிடத் தனபாலிடம் கை கொடுப்பவர்கள் அதிகம். தனக்கு அது ஒரு வரம் என்றே அவர் நினைத்திருந்தார்.

எட்டு வருடத்துக்கு முன் மிசோரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் லால்தங்கா, மனைவி ஜுவாலி. இரண்டு பேருமே எழுத்தாளர்கள். நாடு முழுக்க ரயிலிலும் பஸ்ஸிலும் போய், பேரும் புகழும் இல்லாத சாதாரண விசுவாசிகளின் சாட்சிகளைக் கேட்டுப் புத்தகமாக எழுதுவது அவர்கள் எண்ணம். லால்தங்காவை ஊர் இரண்டாம் நாளே 'தங்கய்யா' ஆக்கிவிட்டது. ஜுவாலி அம்மாள் அதிகம் பேசமாட்டார். நீல அட்டை போட்ட நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். ஒரு பெயரைக்கூட இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்துத்தான் எழுதுவார்.

ஆலயத்தை ஒட்டிய ஞாயிறு பள்ளி அறையில் மூன்று பேரைச் சாட்சி சொல்ல உட்கார வைத்தார்கள். முதல் ஆளுக்குக் கால் சரியாகியிருந்தது. இரண்டாவது ஆளுக்குக் குடி விட்டுப்போயிருந்தது. மூன்றாவதாக வந்தவர் செல்லியம்மாள். ஜவ்வரிசி ஆலையில் கிழங்குத் தோல் சீவுகிற வேலை. கணவர் சடையன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போனவர், காலமாகிவிட்டார். ஒரு மகள் மேச்சேரியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். செல்லியம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

"மரவள்ளி புடுங்கற காலமுங்க. எம்பையன் வரப்புல வெளையாடிட்டு இருந்தான். ஆறு வயசு. கட்டுவிரியன் கடிச்சுருச்சு. அவங்கப்பன் ரிக்கு வண்டியில ஒரிசாவுல கெடக்கறாரு. நாந்தான் தூக்கிட்டு ஓடிப்போயி பஸ் ஏறுனேன். இந்தச் சபையாளுங்க ரெண்டு பேரு அதுல இருந்தாங்க. ஜெபம் பண்ணுனாங்க. நானும், எனக்குத் தெரியாத சாமியக் கும்புட்டேன், எம்பையன எனக்குக் குடுத்துருன்னு."

தனபால் இதுவரை ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்த வாக்கியம் மிகச் சின்னது.

"பாதி வழியில மடியிலயே போயிட்டானுங்க."

சொல்லிவிட்டுச் செல்லியம்மாள் உடைந்து அழுதார். இருபது வருடத்து அழுகை அது. ஜுவாலி அம்மாள் பேனாவை நோட்டின் மேல் வைத்தபடி தனபாலைப் பார்த்தார். ஜெபம் பண்ணினார்கள், பையன் செத்துப்போனான் என்று எப்படிச் சொல்வது? மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறார்கள். முதல் இரண்டு பேரும் எவ்வளவு நன்றாகச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து சபையிலேயே வளர்ந்தவர் தனபால். கேட்டது கிடைக்காமல் போன சாட்சி ஒன்றை இதுவரை எந்த மேடையிலும் அவர் கேட்டதில்லை. சரக்கில் உடைந்த முட்டை இருப்பதை மஸ்கட்டுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போது வருகிற அதே கூச்சம் அவருக்கு வந்தது. அவருடைய வாய் தானாகவே அதைச் சரிசெய்துவிட்டது.

பஸ் பாதி வழி போகும்போது பையன் கண்ணைத் திறந்தான் என்று இங்கிலீஷில் சொன்னார்.

ஜுவாலி அம்மாளின் கண்களும் நிறைந்துவிட்டன. எழுந்து போய்ச் செல்லியம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். இருவரும் கையைக் கோத்துக்கொண்டு நெடுநேரம் அழுதார்கள். ஒருத்தி செத்த பிள்ளைக்காக, ஒருத்தி பிழைத்த பிள்ளைக்காக. இதை அந்த அறையில் அறிந்திருந்த ஒரே ஆள் தனபால். அப்போதுகூட அவருக்குத் தான் ஏதோ நல்லது செய்துவிட்டதாகத்தான் இருந்தது.

செல்லியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குகிற அத்தாயி என்பவர் பஸ்ஸில் இருந்த இரண்டு பேரில் ஒருவர். அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து தினமும் மத்தியானம் வருவார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். நாற்பது நாள். "நாங் கேட்டதக் குடுக்காத சாமிதானுங்க. ஆனா அந்தச் சாமியோட ஆளு எம்பக்கத்துல வந்து உக்காந்திருந்துச்சு. அதனால நானும் இங்க வந்து உக்காந்தேன்" என்று முடித்தார். பையன் பிழைத்துவிட்ட பிறகு இந்தப் பகுதியை என்ன செய்வது? தனபால் அத்தாயியை நன்றி ஜெபம் செய்ய வைத்தார், நாற்பது நாளும். கடைசியில் ஜுவாலி அம்மாள் பையனின் பெயரைக் கேட்டார். இருந்த படபடப்பில் தனபால், உண்மைப் பெயரைக் கேட்டுச் சொல்லவும் பயமாகி, சாமுவேல் என்று சொல்லித் தொலைத்தார்.

எழுத்தாளர்கள் ஏமாளிகள் இல்லை. இரண்டு வருடம் கழித்து அந்த அத்தியாயத்தை மின்னஞ்சலில் அனுப்பி, பிழை இருந்தால் திருத்தித் தரும்படி தனபாலிடமே கேட்டார்கள். முழுவதையும் படித்தார். திருத்தியிருக்கலாம், அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். எல்லாம் சரி என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார். மிசோரத்தில் அச்சாகிற புத்தகம் சேந்தமங்கலத்துக்கு எங்கே வரப்போகிறது என்று நினைத்தார்.

போன வருடம் ஆவணியில் வந்தது. புத்தகத்தில் யார் யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்கள் ஊர்களுக்கெல்லாம் நேரில் போய், அவர்கள் சபையிலேயே புத்தகத்தைப் பற்றிப் பேசுவது என்று லால்தங்காவும் ஜுவாலியும் முடிவு செய்திருந்தார்கள். ஞாயிறு காலை சேலத்தில் ரயிலிலிருந்து இறங்கி நேரே இங்கே வருகிறார்கள் என்று ஆயருக்குக் கடிதமும், கூடவே ஒரு புத்தகமும் வந்தன. ஆயர் மாற்றலாகி வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பழைய கதை எதுவும் தெரியாதவர், இங்கிலீஷும் அரைகுறை. அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். செல்லியம்மாளை முதல் வரிசையில் உட்கார வைத்து, எழுத்தாளர் கையாலேயே சால்வை போர்த்துவது என்று அறிவித்துவிட்டார்.

ஒன்பதாவது அத்தியாயத்தைத் தனபால் ஆபீசில் வைத்துப் படித்தார். அவர் சேர்த்த அந்த ஒரு வரி அங்கே மூன்று பக்கமாக வளர்ந்திருந்தது. அழகாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. அன்றைக்கே உண்மையை எழுதி அனுப்புவது என்று உட்கார்ந்தார். வருந்துகிறோம் என்று வாழ்நாளில் ஆயிரம் மின்னஞ்சல் எழுதிய கை அது. மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அழித்தது.

சரி, செல்லியம்மாளிடமாவது முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனார். ஆலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார் செல்லியம்மாள். கிழங்குப் பால் காய்ந்து கைகள் வெள்ளையடித்தமாதிரி இருந்தன. கொடியில் நாளைக்குக் கட்டுவதற்கு ஒரு சேலை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

"வாங்க சாமி, ஊட்டுக்குள்ள வாங்க. நானே உங்களப் பாக்க வாரேன்னு இருந்தேன்."

"அக்கா, நாளைக்கு விசயமா ஒண்ணு சொல்லோணும்."

"சொல்றது இருக்கட்டுங்க. அந்த மிசோரத்து அம்மாவும் வாராங்கல்ல?"

"வாராங்க."

"அது போதுமுங்க. எம்பையனுக்காவ எத்தனையோ பேரு வந்து துக்கங் கேட்டாங்க. ஒறமொற சனமெல்லாம் அழுதாங்க. அதெல்லாம் மொறைக்கி. என்ன ஏதுன்னே தெரியாத அந்தம்மா எங்கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு பாருங்க, அப்பிடி எவனும் அவனுக்காவ அழுவலீங்க. அவனுக்கு ஒரு போட்டோகூட எடுத்து வெக்கல நானு. இப்பப் பொஸ்தகத்துல இருக்கறான்னு ஆயரு சொன்னாரு. ராத்திரியெல்லாம் தூக்கமே புடிக்கல." கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டார். "நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"காலையில ஒம்பது மணிக்கே வந்துருங்கக்கா. அதான்" என்றார் தனபால்.

அன்று சாயங்காலம் மகள் பிரவீனா புத்தகத்தை எடுத்துப் படித்தாள். சேலத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை, விடுமுறைக்கு வந்திருந்தாள். "அப்பா, செல்லியம்மா அத்தைக்கி மகன் இருக்காருங்களா? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாள்.

"எழுதறவங்க கொஞ்சம் கூட்டிக் கொறச்சு எழுதுவாங்க சாமி" என்றார் தனபால். சொன்ன மறுகணமே தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. குற்றத்தை அடுத்தவர் தலையில் கட்டியாயிற்று, அதுவும் பெற்ற மகளிடம்.

படுக்கப் போகுமுன் அவருக்கு ஒரு வழி தோன்றியது. மைக் தன் கையில்தானே இருக்கிறது. தங்கய்யா இங்கிலீஷில் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லட்டும். நாம் தமிழில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். செல்லியக்கா தன் கதையைக் கேட்பார், அவர்கள் தங்கள் கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். முதலாளிக்கும் மஸ்கட்டுக்கும் நடுவில் பத்து வருடம் செய்ததுதான். யாருக்கும் நஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பியிருந்தது. ஆண்கள் பக்கத்தில் இடம் போதாமல் வெளியே நாற்காலி போட்டார்கள். லால்தங்கா நரைத்துப்போயிருந்தார். ஜுவாலி அம்மாள் அப்படியே இருந்தார். பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் செல்லியம்மாள், மூன்றாவது பெஞ்சில் பிரவீனா. அந்தக் கூட்டத்தில் தனபாலைத் தவிர இங்கிலீஷ் நன்றாகப் புரிந்தவள் அவள் ஒருத்திதான்.

லால்தங்கா பொறுமையாகப் பேசினார். பிரபலமானவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நாங்கள் பேர் தெரியாதவர்களைத் தேடிப் போனோம் என்றார். போன இடங்களில் சாப்பிட்டது, தூங்கியது, பஸ்ஸைத் தவறவிட்டது எல்லாம் சொன்னார். தனபால் வழக்கம்போல் தாளித்துக் கொட்டினார். சபை சிரித்தது. பிறகு லால்தங்கா ஒன்பதாவது அத்தியாயத்தைத் திறந்தார்.

மரவள்ளிக் காடு வந்தது, பாம்பு வந்தது, பஸ் வந்தது. இதுவரை இரண்டு மொழியும் ஒரே பாதையில் போயின. பையன் கண்ணைத் திறந்து அம்மா என்று கூப்பிட்டான் என்றார் லால்தங்கா இங்கிலீஷில்.

"பாதி வழியிலேயே, தாயின் மடியிலேயே பையன் இறந்துபோனான்" என்றார் தனபால் தமிழில்.

செல்லியம்மாள் தலையை அசைத்துக்கொண்டே அழுதார். பின்னாலிருந்த பெண்களும் தலைப்பால் கண்ணை ஒற்றினார்கள். அந்தக் கண்ணீரைப் பார்த்து லால்தங்காவின் குரலும் தழுதழுத்தது. காரியம் கச்சிதமாக நடந்துகொண்டிருந்தது. அத்தாயி இங்கிலீஷில் நன்றி சொன்னார், தமிழில் சும்மா உட்கார்ந்திருந்தார். தனபால் மூன்றாவது பெஞ்சின் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. அங்கிருந்து ஒரு பார்வை தன் கன்னத்தில் பட்டுக்கொண்டே இருப்பது அவருக்குத் தெரிந்தது.

பேச்சு முடிந்தது. ஆயர் சால்வையை எடுத்து ஜுவாலி அம்மாளிடம் கொடுத்தார். ஜுவாலி அம்மாள் படியிறங்கிச் செல்லியம்மாள் முன்னால் போய் நின்றார். செல்லியம்மாளும் எழுந்து நின்றார். தனபால் மைக்கோடு பக்கத்தில் போனார். சால்வையைப் போர்த்தியதும் முடிந்துவிடும், இன்னும் ஒரு நிமிடம்தான்.

ஜுவாலி அம்மாள் போர்த்தவில்லை. சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சுகளை ஒரு சுற்றுப் பார்த்தார். சாமுவேல் இப்போது பெரிய மனிதனாகியிருப்பானே, இத்தனை வருடம் அவனைப் பற்றி எழுதிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் போகக்கூடாது என்றுதான் வந்தேன், அவன் வந்திருக்கிறானா என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தனபாலைப் பார்த்தார்.

சமாளிக்க வழி இல்லாமல் இல்லை. அம்மா உங்களை வாழ்த்துகிறார்கள் என்று தமிழில் சொல்லலாம். மகன் வெளியூரில் வேலையாக இருக்கிறான் என்று இங்கிலீஷில் சொல்லலாம். இரண்டு வாக்கியமும் அவர் நாக்கு நுனிக்கு வந்து, தயாராக நின்றன. செல்லியம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மிசோரத்து அம்மா தன் பிள்ளையைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்க அந்த முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. அந்த ஆசையைப் பார்த்த பிறகு, தயாராக இருந்த வாக்கியம் தனபாலுக்கு வரவில்லை.

"உங்க பையன் வந்திருக்கறானான்னு கேக்கறாங்கக்கா. பாக்கோணுமாம்."

செல்லியம்மாளுக்குப் புரியவில்லை. "எந்தப் பையனுங்க?"

"உங்க பையன்தானுங்க. பொஸ்தகத்துல அவன் பொழச்சுட்டான். அன்னைக்கி நான் அப்பிடித்தான் சொன்னேன். அவங்க மேல தப்பில்லீங்க. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

மைக் அவர் கையில் திறந்தே இருந்தது. கடைசி பெஞ்சுவரை கேட்டது. ஆயர் எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். செல்லியம்மாள் தனபாலையும் ஜுவாலி அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று தனபால் எதிர்பார்த்தார், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அப்ப அந்தம்மா அன்னைக்கி எதுக்கு அழுதுச்சு?" என்று கேட்டார் செல்லியம்மாள்.

"சந்தோசத்துலங்க" என்றார் தனபால்.

செல்லியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இரண்டாவது முறையாகப் பறிபோய்விட்டது; முதலில் பிள்ளை, இப்போது அவனுக்காக ஒருத்தி அழுத அழுகை. அதைப் பறித்தது தான்தான் என்று தனபாலுக்கு அந்த இடத்தில்தான் முழுதாகத் தெரிந்தது. சபை தன்னைப் பற்றி என்ன நினைக்கும் என்று வாரம் முழுக்கப் பயந்திருந்தார், அது இப்போது நினைவுக்கே வரவில்லை. ஜுவாலி அம்மாள் ஒன்றும் விளங்காமல், என்ன ஆயிற்று என்று மெல்லக் கேட்டார்.

"அவங்க கேக்கறாங்கல்ல, சொல்லுங்க" என்றார் செல்லியம்மாள். அழவில்லை. "நாஞ் சொல்லச் சொல்லச் சொல்லுங்க சாமி. நாஞ் சொல்றத மட்டும் சொல்லுங்க."

தனபால் தலையசைத்தார்.

"எம்பையன் செத்துப்போயிட்டான்."

தனபால் அதை இங்கிலீஷில் சொன்னார். அவர் வாழ்க்கையில் சொன்ன வாக்கியங்களில் அதுதான் மிகச் சின்னதாக இருந்திருக்கும். ஜுவாலி அம்மாளின் கையிலிருந்த சால்வை தணிந்தது. மேடையில் லால்தங்கா புத்தகத்தை மூடினார்.

"ஜெபம் பண்ணுனாங்க. நானும் பண்ணுனேன். குடுக்கல."

சொன்னார்.

"பொழச்சிருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன். கும்புட்டுட்டு எங்காட்டுக்குப் போயிருப்பேன். செத்ததுனாலதான் அத்தாயி வந்து உக்காந்துச்சு. அதுனாலதான் நான் வந்தேன்."

சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதன்பின், தனக்காகவும் இரண்டு வாக்கியம் இங்கிலீஷில் சொன்னார். இந்தத் தப்பு என்னுடையது. சரிபார்க்கக் கேட்டபோதும் மறைத்தவன் நான்தான்.

லால்தங்காவின் முகம் கறுத்திருந்தது, கறுக்காமல் என்ன செய்யும். ஜுவாலி அம்மாள் தனபாலை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையைத் தனபால் இன்றுவரை மறக்கவில்லை. பிறகு சால்வையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, முதல் பெஞ்சில் செல்லியம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தார். கையைப் பிடிக்கவில்லை. என்ன சொல்லப்போகிறார் என்று தனபால் மைக்கை உயர்த்திக்கொண்டு காத்திருந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தார்.

சிறிது நேரம் கழித்து ஜுவாலி அம்மாள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். புத்தகத்தில் ஒன்பதாவது அத்தியாயத்தைத் திறந்து, சாமுவேல் என்ற பெயர் வந்த முதல் இடத்தில் ஒரு கோடு போட்டார். உண்மையில் அவன் பெயர் என்ன என்று கேட்டார்.

"பேரு கேக்கறாங்கக்கா."

"சின்னண்ணன்" என்றார் செல்லியம்மாள்.

தனபால் அதைத் திருப்பிச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஜுவாலி அம்மாளே சொல்லிப் பார்த்தார். தப்பாக வந்தது. செல்லியம்மாள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஜுவாலி அம்மாள் மறுபடி சொன்னார், மறுபடியும் தப்பு. மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. சரியாக வந்ததும் செல்லியம்மாள் அழத் தொடங்கினார், ஜுவாலி அம்மாளும் அழுதார்.

தனபால் மைக்கை அணைத்துவிட்டு, குறுக்கே பேசாமல் நின்றார்.